மேல் வீட்டு விளக்கும் பொன்னுலிங்கம் அண்ணாச்சியும்

மும்பை வடாலாவில் ஒரு வீட்டில் மெயின் போர்டு மாற்றிக்கொண்டிருந்தோம். பழைய போர்டைக் கழற்றியாகிவிட்டது, புதுப் பெட்டி இன்னும் சுவரில் ஏறவில்லை. அந்த நேரத்தில்தான் போன் வந்தது. பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி மதினி. "மகேசு, அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். அதற்கு மேல் அழுகைதான் கேட்டது. வீட்டுக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு முக்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். பிறகு எழுந்து, தொங்கிய வயர் முனைகளுக்கு ஒவ்வொன்றாக டேப் சுற்றினேன். திறந்த வயரை விட்டுவிட்டு ஓடி வந்தேன் என்று தெரிந்தால், செத்த பிறகும் அந்த மனிதர் என்னைத் திட்டுவார். மீதி வேலையை உடன் வந்திருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு தாராவிக்குப் போனேன்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் வீட்டுக்குள் அவர் வந்திருப்பார். லேபர் கேம்பிலும் சீத்தா கேம்பிலும் வாசல் கதவுக்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்து, அதற்குள் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே 'அடுக்களை', 'மாடி', 'மோட்டார்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தால் அது பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் கை. வீட்டில் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று சொன்னால் பக்கத்திலேயே இந்தியிலும் எழுதித் தருவார். அவரும் நானும் சேர்ந்து லைசன்ஸ் எடுத்துத் தொழில் நடத்தினோம். வயரிங் அவருடையது, டெஸ்டிங் என்னுடையது. கோபமும் என்னுடைய பங்குதான், அது உங்களுக்கே தெரியும்.

அவருக்கு இருந்த பொறுமை எனக்குச் சில நாள் எரிச்சலாகவே இருந்திருக்கிறது. சீத்தா கேம்பில் ஒரு வீட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் இருந்த மின்சாரக் கம்பெனி சீலை உடைத்தால்தான் வேலை நடக்கும் என்ற நிலை. கம்பெனி ஆள் வரத் தாமதம். மே மாத வெயில், வீட்டுக்காரர் குடும்பத்தோடு சந்தில் நிற்கிறார். "ஒரு கட்டர் வச்சு நறுக்குனா முடிஞ்சு போச்சு, எவன் பாக்கப் போறான்?" என்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான். அண்ணாச்சி சுவரோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். "சீலு அவங்களது. அதுக்கு இங்கிட்டு உள்ளதுதான் நம்மளது. அவுக வராம நான் தொடமாட்டேன்" என்றார். கம்பெனி ஆள் வந்து மராத்தியில் அலுத்துக்கொண்டே மின்சாரத்தை நிறுத்திக் கொடுத்தார். வேலை முடிவதற்குள் வீட்டுக்காரருக்கும் எனக்கும் வாய்ச்சண்டையே வந்துவிட்டது.

வேலை நடக்கும்போது மெயினில் இருக்கிற ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அவர் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். 'கரண்ட் போயிட்டுதே' என்று அவசரப்பட்டு யாரும் திருப்பி மாட்டிவிடக் கூடாதே என்றுதான். ஒரு தடவை சீத்தா கேம்பில் டெஸ்டிங்கை மறுநாளுக்கு வைத்துவிட்டுக் கிளம்பினோம். அன்றைக்குப் பழைய லைனை உயிர்ப்பித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். கட்டையைப் பையில் வைத்தபடி தாராவிக்கே வந்து சேர்ந்துவிட்டார். மதினி சட்டையைத் துவைக்க எடுத்தபோது அது கீழே விழுந்திருக்கிறது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மறுபடி பஸ் பிடித்து சீத்தா கேம்புக்கு ஓடினார். அந்த வீட்டுப் பெண்கள் திட்டித் தீர்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார்களாம். "திட்டுலயும் சீனி தூக்கலா இருந்துச்சு" என்று மறுநாள் வந்து சொன்னார்.

எங்கள் தொழிலில் தினமும் கேட்கிற புகார் ஒன்று உண்டு. புதுப் பெட்டி போட்ட மறுநாள் போன் வரும்: "பழசு எத்தனை வருசம் ஓடுச்சு, ஒரு நாளும் விழல. நீங்க போட்டது சும்மா சும்மா விழுது." தாராவியில் இட்லி அவித்து விற்கிற ஒரு அக்கா அப்படித்தான் சண்டைக்கு வந்தார். கிரைண்டர் போட்டால் பெட்டியில் சுவிட்ச் தானாக விழுந்து கரண்ட் நின்றுவிடுகிறது. அண்ணாச்சி அந்த வீட்டு இட்லியைத் தின்றுகொண்டே விளக்கினார். "எக்கா, உள்ள ஒரு காவக்காரன உக்கார வச்சிருக்கேன். போன கரண்டு அப்படியே திரும்பி வருதான்னு பாப்பான். கொஞ்சம் கொறஞ்சாலும் கதவ அடைச்சிருவான். ஒங்க கிரைண்டர்ல கரண்டு வெளிய கசியுது. தொட்டா சுருக்குங்குதா?" அந்த அக்கா சர்வ சாதாரணமாக, "சுருக்குங்கும். அது பழகிப்போச்சு" என்றார். அண்ணாச்சி கையில் எடுத்த இட்லியைத் தட்டில் வைத்துவிட்டார். "பழகுறதுக்கு அது என்ன மருமவளா?" என்று கேட்டு, கிரைண்டரைச் சரிசெய்யாமல் அந்த வீட்டை விட்டு நகரவில்லை. "விழுந்தா ஏன்னு கேளு, தூக்கித் தூக்கி விடாத." இதைக் கேட்காத வீடு எங்கள் பக்கத்தில் இருக்காது.

இத்தனை வீட்டுக்குச் செய்த மனிதரின் சொந்த வீட்டில் மட்டும் பழைய மரப்பலகையும் பீங்கான் ஃப்யூஸும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் கேலி செய்யாத நாளில்லை. "ஆகட்டும் தங்கச்சி, பாப்போம்" என்று சொல்லி நழுவிவிடுவார். சோம்பல் என்றுதான் நினைத்தேன். கீழ்வீடு அவருடையது. பலகைத் தளத்துக்கு மேலே ஒரே அறையில் தம்பி ராசையாவின் குடும்பம். அப்பா இறந்த பிறகு வீட்டைப் பிரித்ததில் யாருக்குக் கீழ், யாருக்கு மேல் என்று ஏற்பட்ட சண்டையில் பேச்சு நின்றுபோனது. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும் வீடு அது. வெளியே இருந்த இரும்பு ஏணியில் இறங்குகிறவரும் வாசலில் நிற்கிறவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருடக்கணக்காக வாழ்ந்தார்கள்.

பிறகு அவருக்கு நுரையீரல் கெட்டது. நடந்தால் மூச்சு வாங்கியது, அப்புறம் பேசினாலும் வாங்கியது. கடைசியில், ஆக்சிஜன் மெஷின் வைத்து வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பகலும் இரவும் ஓட வேண்டிய மெஷின். அந்தப் பழைய பலகையை நம்பி அதை மாட்ட நான் சம்மதிக்கவில்லை. அதற்கு எர்த் கிடையாது. சந்தில் இரும்புத் தண்ணீர்க் குழாய் இருந்தவரை அதிலிருந்து எர்த் எடுத்திருந்தார்கள். குழாயைப் பிளாஸ்டிக்காக மாற்றியபோது சந்து முழுவதற்கும் எர்த் போய்விட்டது. "இந்தத் தடவை ஒங்கள யாரும் கேக்கல" என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் இறங்கினேன்.

வேலை முடியும்வரை சிலிண்டரில் மூச்சு விட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் வந்து நிறுத்திக் கொடுத்தார். எர்த்துக்குப் புதிதாகக் குழி எடுத்துக் கம்பி இறக்கினேன். பெட்டியை ஏற்றினேன். "அந்த ஸ்க்ரூவ இன்னொரு சுத்து" என்று கட்டிலிலிருந்து சத்தம் வரும். "நான் டெஸ்டிங் பாக்குறவ, எனக்கே பாடமா?" என்பேன். சிரிப்பார், இருமுவார், மதினி என்னை முறைப்பார். மதியத்துக்குள் எல்லாம் முடிந்து மெஷின் ஓட ஆரம்பித்தது. மேல் வீட்டில் அன்று ஆளில்லை. செம்பூரில் ஏதோ கல்யாணம் என்று எல்லா சுவிட்சையும் அணைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. மேலே கதவு திறந்தது. அடுத்த நொடி பெட்டியில் சுவிட்ச் டப்பென்று விழுந்தது. மெஷின் நின்றது, மேலேயும் கீழேயும் இருட்டு. நான் பாய்ந்து தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. மதினி சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றினார். அதில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

"மேல லைட்ட போட்டிருக்கான்" என்று அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. வீட்டைப் பிரித்தபோது மேலுக்குத் தனி மீட்டர் வந்தது. அதற்கு வயர் இழுத்தது அண்ணாச்சியேதான். போகிற வயரைத் தனியாக இழுத்துவிட்டார். திரும்பி வருகிற நியூட்ரலை மாற்றப் போனபோது ராசையா வாசலை மறித்து நின்று, "எம் வீட்டுக்குள்ள கால வைக்காத" என்றிருக்கிறார். அண்ணாச்சியும் வீம்பாக இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து மேல் அறைக்குப் போன கரண்ட் எல்லாம் கீழ்வீட்டு நியூட்ரல் வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தது. பழைய ஃப்யூஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. புதுப் பெட்டியின் காவல்காரன், கணக்கில் இல்லாத கரண்ட் திரும்பி வருகிறதே என்று கதவை அடைத்துவிட்டான். பெட்டியை மாற்றினால் தம்பியிடம் பேச வேண்டி வரும் என்று தெரிந்துதான் அண்ணாச்சி இத்தனை வருடம் மாற்றவே இல்லை.

"காவக்காரனக் கழத்திட்டு நேரா குடுத்துருதேன். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

"ஆக்சிஜன் ஓடுற வீட்டுலயா? ஒரு பொறி பட்டா இந்தச் சந்தே எரியும். நீ அதத் தொடக்கூடாது."

"அப்ப அந்த நியூட்ரல வெட்டிருதேன். மேல அணைஞ்சா அவரே எறங்கி வருவாரு."

மூச்சு வாங்கிக்கொண்டே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "புள்ளைங்க இருக்கிற வீடு. நான் எப்படி அணைப்பேன், தங்கச்சி?"

அவருக்குக் கோபமே வராது என்பதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையைக் காட்டியும் கேட்காமல் ஏணியில் ஏறினேன். இருட்டு வாசலில் ராசையா நின்றார். மடமடவென்று கொட்டினேன்: நீங்கள் லைட் போட்டால் கீழே உங்கள் அண்ணனுக்கு மூச்சு நிற்கும், ஃபேன் போட்டாலும் நிற்கும், சண்டை போட வேறு நேரம் இருக்கிறது. அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மனுஷனா இவன் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்து பெட்டியைத் தூக்கிவிட்டேன். இந்த முறை விழாமல் நின்றது. மெஷின் ஓடியது. வீடு திரும்பும் வரையில் காதைத் தீட்டிக்கொண்டே இருந்தேன், அது விழவில்லை.

மறுநாள் சாயங்காலம் வயரும் உளியும் எடுத்துக்கொண்டு நேராக மேலே போனேன். கதவு திறந்திருந்தது. அறைக்குள் விளக்கில்லை, மின்விசிறி சுற்றவில்லை. ராசையாவின் மனைவி முறத்தால் பிள்ளைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். மகள் கைப்பேசி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ராசையா என்னைப் பார்த்ததும் எழுந்து, "மெஷின் ஓடுதுல்லா?" என்றார்.

உளியைக் கீழே வைத்துவிட்டு, ஓடுகிறது என்றேன். பிறகு சொன்னேன்: உங்களுக்குத் தனி நியூட்ரல் இழுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், ஒரு நாள் வேலை. எந்த வழியாக என்று கேட்டார். இரண்டு மீட்டரும் கீழே வாசலில்தான் இருக்கின்றன. சுவருக்குள் மேலே வயர் போகிற பழைய குழாய் அடைத்துக் கிடக்கிறது. வெளிப்பக்கம் அடுத்த வீட்டுச் சுவர், கை நுழைய இடமில்லை. கட்டில் பக்கத்துச் சுவரைத்தான் கொத்த வேண்டும். "கொத்துனா தூசி வருமே" என்றார். வரும் என்றேன். "அண்ணனுக்குத் தூசி ஆகாது. அவுகள இந்த ஒடம்போட வேற எங்கயும் தூக்கிட்டுப் போகவும் முடியாது. நாங்க இப்படியே இருந்துக்கிடுதோம். அவுககிட்ட சொல்லாதீங்க." அவர் வாயில் 'அண்ணன்' என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் சொல்லவில்லை. ஆனால் படுத்துக் கிடக்கிற மனிதருக்கு மேலே பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை? பலகை இடுக்குகளில் வழக்கமாகக் கசியும் வெளிச்சம் வரவில்லை என்பதை அவர் கவனித்துவிட்டார். "மேல ஆளு இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் கண்ணீர் வழிந்து தலையணையில் இறங்கியது. "ராசையாட்ட சொல்லு. கொஞ்ச நேரமாவது ஃபேன் போடச் சொல்லு. அந்நேரம் நான் மெஷின் இல்லாம இருந்துக்கிடுதேன்" என்றார்.

மேலே போய்ச் சொன்னேன். "அவுகள சும்மா கெடக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. கீழே வந்து சொன்னேன். இப்படியே வாரக்கணக்கில் அந்த ஏணியில் ஏறி இறங்கினேன். சார்ஜ் லைட் ஒன்று வாங்கிப் போய் மேலே கொடுத்தேன். செல்லக்கனி மதினி குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் என் கையில் தந்து கண்ணால் மேலே காட்டுவார். மேலிருந்து பழம் வரும். மழைக்காலமாதலால் பிழைத்தார்கள், வெயில் காலமாக இருந்திருந்தால் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே என்ன செய்திருப்பார்களோ. எல்லாம் செய்தார் ராசையா. இறங்கி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்வதை மட்டும் செய்யவில்லை. பாதி ஏணி வரை வந்து, உள்ளே மெஷின் சத்தம் கேட்கிறதா என்று நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதை நானே கண்டிருக்கிறேன். இருட்டில் இருக்க முடிந்த மனிதனுக்கு இறங்கி வர என்ன தடை? இதை எழுதும்போதும் அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அவரும் இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணாச்சியும் கூப்பிடவில்லை. "கூப்பிடட்டுமா?" என்று நான் கேட்டபோதெல்லாம், "வருவான், வருவான். அவனா வரட்டும்" என்றார். ஊராருக்கெல்லாம் காத்திருந்த மனிதர் தம்பிக்கும் காத்திருந்தார். இந்தத் தடவை காத்திருக்க அவருக்கு நாள் போதவில்லை. என்னை அழவைப்பது அந்த ஒன்றுதான்.

நான் தாராவிக்குப் போய்ச் சேர்ந்தபோது ராசையா கீழே இருந்தார். அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யாராலும் எழுப்ப முடியவில்லை. மெஷினை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் போய் அணைத்தேன். என் தொழிலில் எத்தனையோ சுவிட்சுகளை அணைத்திருக்கிறேன். அந்த ஒன்றை மட்டும் மனமில்லாமல் அணைத்தேன்.

காரியம் முடிந்த பிறகு மதினி என்னைக் கூப்பிட்டு, "மேல புள்ளைங்க இன்னும் இருட்டுலயே இருக்கு மகேசு. சுவத்தக் கொத்திரு. இனி தூசி பட்டா யாருக்கு என்ன?" என்றார். மறுநாள் உளியோடு போனேன். நான் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது ராசையா இறங்கி வந்தார். வாளியில் ஒரு போர்வையை முக்கிப் பிழிந்தார். ஆளில்லாத அந்தக் கட்டிலின் மேல், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை, தூசி புகாதபடி அதை விரித்து ஓரங்களைச் செருகினார். அங்கே யாரும் இல்லை என்ற சொல் என் வாய் வரை வந்தது.

சொல்லவில்லை. முன்பானால் சொல்லியிருப்பேன், அதட்டியும் இருப்பேன். அடுத்தவருக்கு வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பது அண்ணாச்சியின் குணம். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது அது ஒன்றுதான். ராசையா கடைசி மூலையையும் செருகி, அந்தப் போர்வையைக் கையால் நீவி நீவிச் சரிசெய்து முடிக்கும் வரை உளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.